தங்கச்சி சொன்ன வசனம்

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. எல்லோருக்கும் அவர் ‘ரைட்டர்’. கன்னத்தில் விழுகிற ஒரே அடியை நாலு பக்கமிருந்து காட்டி விளம்பரம் வரை ஓட்டுவார். செத்துப்போனவனைத் தாடியோடு திரும்பக் கொண்டுவருவார். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தங்கையின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு, அவள் கொஞ்ச நாள் இவர் வீட்டில் வந்து இருந்தாள். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே அண்ணியிடம் சொன்னாள்: “இன்னும் யாராவது கதவு தட்டினா, கை தானா தலைமுடிய சரி பண்ணுது அண்ணி.”

பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்த அவர் காதில் அது விழுந்தது. அடுத்த வாரமே தொடரில் புருஷன் விட்டுப்போன கதாநாயகி அதைச் சொன்னாள். ஊரே அழுதது. இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தங்கைக்குத் தெரியாமலா இருக்கும்? “பரவாயில்ல அண்ணா, எனக்காகவும் நாலு பேர் அழறாங்க” என்றாள். அந்தத் தெம்பில் அவர் இன்னும் எடுத்தார். அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுவதையும் எழுதினார்.

அப்போதுதான் கதாநாயகியாக நடித்த நடிகைக்கும் தயாரிப்பாளருக்கும் படப்பிடிப்புத் தேதி விஷயத்தில் முட்டிக்கொண்டது.

“அவள வில்லியாக்கிடுங்க ரைட்டர்” என்றார் இயக்குநர். “புருஷன் போனதுக்கு அவதான் காரணம்னு வரட்டும்.”

ஒப்புக்கு முனகிவிட்டு அவர் எழுதிக்கொடுத்தார். கதாநாயகி தலைமுடியைச் சரிசெய்தது புருஷனுக்காக அல்ல, வேறொருவனுக்காக என்று கதை திரும்பியது. எழுதும்போது கை கூசவே இல்லை. பின்னால் நினைத்துப் பார்க்கையில் அதுதான் அவரை அதிகம் அறுத்தது.

அதற்குள் தனியாகக் குடிபோயிருந்த தங்கை, ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“அண்ணா, என்னைப் பத்தி நீ அப்படித்தான் நினைச்சிட்டிருந்தியா?”

“சேச்சே, அது நீ இல்லம்மா. அந்த நடிகையோட தகராறு. அதான் மாத்தச் சொன்னாங்க.”

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள்.

“ஆபீஸ்ல சாப்பிடறப்போ எல்லாரும் அவளத் திட்டினாங்க. இவகூட எவன் இருப்பான்னாங்க. நானும் சேர்ந்து திட்டினேன்ணா. சும்மா இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு.”

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட மனைவியின் முகத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

மறுநாள், இனி வரப்போகிற காட்சிகளையாவது மாற்றச் சொல்லி இயக்குநரிடம் போய் நின்றார். “எடுத்து முடிச்சாச்சே ரைட்டர்” என்றார் அவர், காபியைக் கலக்கிக்கொண்டே. ரைட்டர் அந்தத் தொடரை விட்டார். வேறு கம்பெனியில் வேறு தொடர் கிடைத்தது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

தங்கை இப்போதும் வருகிறாள். அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். அண்ணியோடு உள்ளே உட்கார்ந்து பேசுவாள். அவர் காலடி கேட்டதும் பேச்சு காய்கறி விலைக்குத் தாவிவிடும். அதனால் சொந்த வீட்டிலேயே, சமையலறைக்குள் போவதற்கு முன்னால், அவர் நின்று ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.