கார் நின்ற இடத்தில் கறிவேப்பிலை

என் கறிவேப்பிலை மரத்தை வெட்டியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மராத்தி ஊரான வாகடில் எங்கள் வீடு தரைத்தளம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம் கிடந்த கையகல மண்ணில் நான் வைத்து வளர்த்த மரம் அது. கடுகு வெடிக்கும் நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி ஒரு இணுக்கு ஒடித்துப் போடுவேன். துவையலுக்கு, பொடிக்கு, தலைக்குக் காய்ச்சும் எண்ணெய்க்கு என்று எங்கள் கட்டடத்துத் தமிழ் வீடுகள் அத்தனைக்கும் அதுதான் படியளந்தது. யாரையும் நான் தடுத்ததில்லை. காம்போடு ஒடிக்க வேண்டும், இலையை மட்டும் உருவக் கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை. ஒடித்த இடம் கிளைக்கும். உருவினால் குச்சி மொட்டையாக நிற்கும்.

உருவுகிறவர் ஒருவர் இருந்தார். மூன்றாம் மாடி, சென்னைக்காரர், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை, எங்கள் சொசைட்டியின் செயலாளர். வாய் நிறைய 'அக்கா' என்பார். நான் வைக்கும் கறிவேப்பிலைக் குழம்பை டப்பாவில் வாங்கிப் போய்ச் சாப்பிட்டவர்.

ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போய்விட்டு வந்தோம். சமையலறையில் என்றுமில்லாத வெளிச்சம். எட்டிப் பார்த்தால் மரம் இல்லை. தரையோடு அறுத்துவிட்டு மேலே சிமெண்ட் கல் பதித்திருந்தார்கள். மஞ்சள் கோட்டுக்குள் செயலாளரின் புதுக் கார் நின்றது.

"கமிட்டில முடிவு பண்ணதுக்கா. ரெண்டாவது கார் விட எடமே இல்ல. கறிவேப்பிலதானே, கொத்தமல்லி வாங்கினா காய்கறிக்காரன் சும்மாவே தர்றான்," என்றார்.

"கேஸா போடப் போற? விட்டுத் தள்ளு," என்றார் என் கணவர். நான் விடவில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டேன்.

மழை தொடங்கியதும் கல் இடுக்கில் துளிர் தலைநீட்டியது. அவர் பிடுங்கினார். மறுபடி வந்தது. மறுபடி பிடுங்கினார். கடைசியில் என்னிடமே வந்து, "இத எப்படிக்கா ஒழிக்கிறது?" என்று கேட்டார். என்ன தைரியம்!

சில வருடங்களுக்கு முன் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது மண்வெட்டி அந்த மரத்தின் வேரில் பட்டிருந்தது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் கன்றுகள் கிளம்பின. அவற்றைப் பெயர்த்து ஊருக்கெல்லாம் கொடுத்தவள் நான். மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு இது எங்கே தெரியும்? முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டேன்.

"கல்லப் பேத்துட்டு வேர நல்லா கொத்தி விடுங்க தம்பி. ஒண்ணு விடாம கொத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டக்கார மாளியைக் கடப்பாரையோடு வரவழைத்து, தானே பக்கத்தில் நின்று கொத்த வைத்தார். நான் ஜன்னலில் நின்றபடி, இங்கே ஒரு வேர், அங்கே ஒரு வேர் என்று கைகாட்டினேன். மேலே மறுபடியும் கல் பதித்தார்.

மழை முடிவதற்குள் வேர் ஓடிய வழியெல்லாம் கன்று. காருக்கு அடியில், பக்கத்துக் கார் நிற்குமிடத்தில், நடைபாதை ஓரத்தில். கற்கள் பெயர்ந்து ஆடின. மருந்து ஊற்றிக் கருக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் மராத்தி வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்களும் 'கடிபத்தா' என்று தினமும் அந்த மரத்தில்தான் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் விஷமா என்று கேட்டார்கள். கூட்டம் போட்டு அந்த இடத்தைச் செடிகளுக்கே விட்டாயிற்று. அவர் கார் இப்போது கேட்டுக்கு வெளியே தெருப் புழுதியில் நிற்கிறது.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் மாலை அவர் என் ஜன்னலருகே வந்தார்.

"அன்னிக்கு வேர கொத்தச் சொன்னீங்களேக்கா. இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன்.

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று மாடியேறிப் போனார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றைக்கு ரசம் பிரமாதமாக வந்திருந்தது என்று என் கணவரே சொன்னார்.