கேபிளில் காய்ந்த சேலை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளி, கல்லூரி என்று படித்தவள் நான். அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. தூத்துக்குடிக் கடலோரம் திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் பழைய லேப்டாப் ஒன்றை, வீட்டுப் போட்டோக்களையெல்லாம் சேமித்து வைக்கும் சர்வராக மாற்றினேன். இரண்டு கேபிள்களை மொட்டை மாடியில் ஒன்றாகச் சேர்த்து, கீழே இருக்கும் ரவுட்டரோடு இணைத்தேன். "இனி போட்டோவெல்லாம் இதுல இருக்கும், போன்ல உள்ளத அழிச்சிருங்க" என்றேன். அண்ணி என்னை நம்பித் தன் கல்யாணப் போட்டோக்களை அழித்தார்.

மூன்று மாதம் கழித்து அந்தப் போட்டோக்களைப் பார்க்க அண்ணியின் தங்கை வந்தாள். ஒரு படமும் திறக்கவில்லை. மாடிக்கு ஓடினேன்; அண்ணியும் தங்கையும் பின்னாலேயே வந்தார்கள். கேபிளில் அண்ணியின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"இது கொடியா அண்ணி? இழுத்து அத்துட்டியளே!" தங்கை முன்னாலேயே கத்திவிட்டேன்.

அண்ணி சேலையை எடுத்தார். கேபிள்கள் சேரும் இடத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். உள்ளே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"ஏளா இஞ்சினியரு, இதும் என் சேல செஞ்ச வேலையா? உப்புக்காத்து! ஒங்க அண்ணன் மீன் புடிக்கிற போட்டுல வயரு சேருத எடத்துல சைக்கிள் டியூப சுத்தி வச்சிருக்காவ. நீ சும்மா விட்டுட்டியே!"

கடற்கரையிலேயே வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. முனைகளை நான் மாற்ற, அண்ணி டியூபை இறுக்கிச் சுற்றினார். கல்யாணப் போட்டோக்கள் திறந்தன.

"தப்பு என்மேலதான் அண்ணி" என்றேன், அவர் தங்கை முன்னாலேயே.

"சரி, சேலையத் திரும்பப் போடட்டா?"

மூவரும் சிரித்தோம். அன்றே அண்ணிக்குத் தனிக் கொடி கட்டினேன். இப்போது எது நின்றாலும், வாய் திறப்பதற்கு முன் நான் போட்ட இணைப்பைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறேன்.