விரல் மடங்கிய கதை

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம், கவ்வாத்து மலையில் என் வீட்டுக்காரருக்குக் கை வெட்டுப்பட்டது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைச் சவரக் கத்தி போலத் தீட்டி வைத்திருப்பார்கள். மழையில் கால் வழுக்கியதில் அது இடது மணிக்கட்டில் இறங்கிவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். நல்ல மனிதர். ஆனால் அவரிடம் இருந்ததெல்லாம் ஓர் அலமாரியும் இரண்டு நிறத்து மருந்துத் தண்ணீரும்தான். மறுநாள் கட்டு மாற்றும்போது இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அவர் கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "இதுக்கு இங்க வைத்தியமில்லம்மா. டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் கையையே எடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு வேறு பயம். அந்த வருடங்களில் எங்கே போனாலும் நீ எந்த நாட்டு ஆள் என்றுதான் முதலில் கேட்டார்கள். தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு வோட்டும் கிடையாது, பிரஜாவுரிமையும் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்களை எதற்குப் பார்க்கப் போகிறார்கள்?

கடைசியில் நான்தான் இவரை இழுத்துக்கொண்டு, நோர்வூட்டில் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க், பேரும் வயதும் தோட்டமும் கேட்டார். அடுத்த கேள்விக்காக நான் நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர் நகரச் சொன்ன பிறகுதான் அவ்வளவுதான் என்று புரிந்தது.

ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லாததைச் சொல்லக் கூடாது. வார்டில் கட்டில் காலியில்லாமல் முதலில் தரையில்தான் பாய் போட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். மருந்து வாங்க நாமேதான் போத்தல் கொண்டு போக வேண்டும். ஆனால் கையைப் பார்த்த சிங்கள டாக்டர், விரலை மடக்கும் நரம்பு அறுந்திருக்கிறது, தைக்கலாம் என்றார். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். மறுநாளே தைத்தார்கள். காசு கேட்டு யாரும் எங்களிடம் கை நீட்டவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கப் போவேன். ஆஸ்பத்திரியிலேயே பேக்கரிப் பாண், பருப்பு, பால், சில நாள் முட்டை எல்லாம் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களக் கிராமத்துக்காரர் தன் வீட்டிலிருந்து வரும் வாழைப்பழத்தில் இவருக்கும் பாதி கொடுப்பார். போகப் போக இவர் கன்னம் உப்பிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நன்றாக இல்லை.

திரும்பி வந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன அன்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் உண்டு. அரசாங்கம் ஆஸ்பத்திரிக்கென்று கொட்டுகிற காசெல்லாம் இப்படிச் சோற்றுக்கே போகிறது, நாட்டுக்கு என்ன லாபம் என்றார். இவர் தலை குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கையக் காட்டுங்க" என்றேன் இவரிடம்.

இவர் மெதுவாக விரல்களை மடக்கினார். ஒன்று முழுதாக மடங்கவில்லை. மற்றது மடங்கியது. கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார். தைத்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"சரிதான். ஆனா அந்த ஒரு குழாய்க்குப் பக்கத்துல இன்னொண்ணு போட்டிருக்கலாமில்ல" என்றார். லயம் முழுக்க நான் சொல்லித் திரிந்த ஆஸ்பத்திரிக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. போட்டிருக்கலாம்தான்.

கை முழுதாகப் பழக இன்னும் சில மாதமானது. எதையாவது பிசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ரொட்டிக்கு மாவு பிசையும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். ஆம்பிளை மாவு பிசைகிறான் என்று அண்டைக் காம்பராக்காரர்கள் சிரித்தார்கள். டாக்டர் உத்தரவு என்று இவர் கம்பீரமாகச் சொல்வார். விரல் நன்றாகப் பழகிய பிறகும் அந்த உத்தரவு தீரவில்லை. நானும் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. நான் வேலை விட்டு வந்து அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தால், ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். என் ரொட்டியைவிட அவருடையது மெத்தென்றே இருந்தது.