மைத்துனன் பெயர்

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் க்ளீட்டஸ் ஒரு தடவைகூட மைத்துனன் பெயரை வாயில் எடுத்ததில்லை. போகன்வில் தீவின் மலைக்காரர்களுக்கு மைத்துனன் பெயரைச் சொல்வது மகா அவமானம். அந்த மைத்துனனோடு கூடப்பிறந்த அவன் மனைவி பெர்பெத்துவாவும் சொல்ல மாட்டாள். "எங்கண்ணன்" என்பதோடு சரி.

சண்டை தொடங்கியதும் அந்த அண்ணன் காட்டுக்குள் போய்ப் போராளிகளோடு சேர்ந்துகொண்டான். ராணுவம் க்ளீட்டஸையும் மனைவியையும் மலையிலிருந்து இறக்கிக் கடற்கரை முகாமில் போட்டது. அதை வீடு என்று சொல்ல நாக்கு கூசும். தார்ப்பாய்க்கு இந்தப்புறம் இவர்கள், அந்தப்புறம் க்ளீட்டஸின் சித்தி மகன் போனிஃபாஸ். ராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுக்கும் உள்ளூர்ப் படையில் இருந்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவனுக்குப் பயந்து புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுத்துப் பேசினார்கள், பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பெர்பெத்துவா குழந்தையோடு மேட்டுத் தோட்டத்துக்குப் போய்வருவாள். கூடையில் கிழங்கு வரவரக் குறைந்தது. க்ளீட்டஸ் ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் மறைக்க வேண்டிவரும். மனைவியிடமே இப்படிப் பயந்து வாழ்வது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முகாமிலேயே பிறந்த யூலிட்டாவுக்கு மூன்று வயது. அன்று சாயங்காலம் ஒரு சோளக்கதிரை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "பாகோய் மாமா, தூங்கு" என்றாள்.

அடுப்படியில் பெர்பெத்துவாவின் கை நின்றது. தார்ப்பாய் விலகியது.

"குட்டி, இந்தப் பேரை யாரு சொல்லிக்குடுத்தா?" என்றான் போனிஃபாஸ். "அம்மா சொல்ல மாட்டாளே. அப்பன் சொன்னா நாக்கு வெந்துடுமே."

"நான்தான்டா சொல்லிக்குடுத்தேன்" என்றான் க்ளீட்டஸ். "பாகோய். பாகோய். போதுமா?"

பெர்பெத்துவா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணனுக்கு வெக்கமே விட்டுப்போச்சு." போனிஃபாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். போய்விடுவான் என்றுதான் க்ளீட்டஸ் நினைத்தான். அவனோ உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டான்.

"பாகோய் மாமாவுக்குத் தாடி இருக்கா குட்டி?"

ஊரில் இருந்தவரை பாகோய் தினமும் மழமழவென்று சிரைத்துக்கொள்கிறவன். அது எல்லோருக்கும் தெரியும்.

யூலிட்டா வயிறுவரை கையை இறக்கிக் காட்டினாள். "இவ்ளோ. முத்தம் குடுத்தா குத்தும்."

போனிஃபாஸ் அவளைப் பதமாக இறக்கிவிட்டான். "அண்ணி, நாளைக்குத் தோட்டத்துக்கு நானும் வர்றேன். கூடை தூக்க ஆள் வேணும்ல."

"சரி தம்பி" என்றாள் பெர்பெத்துவா. வேறென்ன சொல்வாள்.

"பாப்பாவையும் கூட்டிக்குங்க" என்றான் அவன். "அவதானே வழி காட்டணும்."