சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் இடைவெளி

போன கிழமை எங்கள் பின்வளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் உருகிப் போனது. அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. ரேடியோ செய்த வேலை!

என் கணவர் யோகராசாவின் ரேடியோப் பைத்தியம் இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். லைசென்ஸ் எடுத்து, வீட்டிலேயே ஒரு ரேடியோ வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் இருக்கிற முன்பின் தெரியாதவர்களோடு பேசி மகிழ்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க உண்டு. இவரும் அதில் ஒருவர்.

போன வருஷம் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது. “சொல்ல நினைக்கிறது எல்லாம் அவருக்குள்ளே அப்படியே இருக்கு அம்மா. நாக்குத்தான் வளையுதில்ல” என்றார் டாக்டர்.

இடது விரலால் போனில் எழுதிப் பார்த்தார். ஒன்றை அழுத்தினால் இரண்டு விழும். எரிச்சலில் போனைத் தூர வைத்துவிட்டார்.

பார்க்க வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? இவர் ஏதாவது சொன்னால், “ஓம்... ஓம்...” என்று சிரித்தபடி தலையாட்டுவார்கள். நான் மட்டும் என்ன திறம்? சோறு கேட்டாரா, தண்ணீர் கேட்டாரா என்று விளங்காமலே “ஓம்” போட்டிருக்கிறேன். மெல்ல மெல்ல இவர் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

மாரிக் காற்றில் தென்னை ஒன்று சாய்ந்தபோது, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டியிருந்த இவருடைய நீளமான அன்டெனாவும் அறுந்து போயிருந்தது. அதைத் திரும்பக் கட்ட ஆளில்லை.

அப்போதுதான் காத்தான்குடியிலிருந்து ஹனீபா நானா வந்தார். இவருடைய ரேடியோச் சிநேகிதர். “மச்சான், வாயால பேச ஏலாட்டி என்ன? இடது கை இரிக்கி. மோர்ஸ் தட்டு!” என்றார்.

வலது கையால் எத்தனையோ வருஷம் மோர்ஸ் தட்டியவர் இவர். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நீளமும் குட்டையுமான சத்தங்களால் எழுத்துக் கூட்டுகிற மோர்ஸுக்கு நாக்கே தேவையில்லையே!

அன்டெனாதான் சிக்கல். இவர் பேசுகிற அலைவரிசையில் ஓர் அலையின் நீளமே எண்பது மீற்றர். அன்டெனா அதில் காற்பங்காவது இருக்க வேண்டும். எங்களால் நட முடிந்ததோ கூரையைவிடச் சற்று உயரமான ஓர் அலுமினியக் கம்பம். குறைகிற நீளத்துக்கு ஈடாக ஒரு கம்பிச் சுருளைச் சேர்க்கலாம். ஆனால் சுருள் பிழைத்தால், ரேடியோ கொடுக்கிற சக்தி சுருளைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும். வெளியே போவது வெறும் முனகல்.

ஹனீபா நானா ஒடுங்கிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் மெல்லிய கம்பியை இடைவெளி இல்லாமல், நூல்கட்டை மாதிரி அழகாகச் சுற்றினார். இவர் கதிரையில் இருந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். “ஓம் மச்சான், ஓம்” என்றார் நானா. சுற்றி முடித்துக் கம்பத்தின் அடியில் பொருத்தினார்.

அந்தி சாய இருவரும் மாறி மாறித் தட்டினார்கள். யாரும் பதில் தரவில்லை. வந்தது பிளாஸ்டிக் கருகுகிற மணம்தான்.

நானா தலையைச் சொறிந்தார். “பரவாயில்ல, இன்னொரு குழாயில இதே மாதிரிச் சுத்துவம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி “ஓம் மச்சான்...”

இவருடைய முகம் சிவந்தது. கரண்டியால் தட்டில் அடித்தார். டக். கிர்ர்ர். டக், டக்... கோபம் என்று நினைத்துத் தட்டை எடுக்கப் போனேன்.

“பொறுங்க தங்கச்சி!” நானா கையை நீட்டித் தடுத்தார். “இது கோவமில்ல. மோர்ஸ்!”

குட்டைக்கு ஒரு தட்டு, நீளத்துக்கு ஓர் இழுவை. நானா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“தடிச்ச கம்பி... சுத்துக்குச் சுத்து இடைவெளி விடு... குழாய் அகலமா எடு... அடியில வேணாம், கம்பத்துட நடுவில ஏத்து...”

கரண்டி நிற்கவில்லை. நானாதான் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“மறுகா என்ன நானா?” என்று மிச்சத்தைக் கேட்டேன்.

“காலையில இருந்து இதத்தானே செல்லிக்கிட்டிரிக்கன் எண்டு கேக்கிறான்.” நானா கதிரையை இவர் பக்கம் இழுத்துப் போட்டார். “மச்சான், விளங்காமத்தான் ஓம் போட்டன். உன்ட மனசு நோகுமெண்டு...”

இவர் இடது கையால் அவருடைய தோளைத் தட்டினார்.

யோசித்துப் பாருங்கள். “விளங்கல்ல, திரும்பச் சொல்லுங்க” என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம். விளங்காமலே தலையாட்டுவதில் என்ன மரியாதை இருக்கிறது? பாதிச் சொல்லிலேயே ஓர் ஆளை அனுப்பிவிடுகிறோமே!

மறுநாள் புதுச் சுருள். இவர் அகலமான குழாயை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க, நான் சுற்றினேன். கம்பியோடு ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்துச் சுற்றி, பிறகு கயிற்றை மட்டும் உருவினோம். சுற்றுகளுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி! நெருக்கிச் சுற்றினால் கரண்ட் கம்பியின் ஓர் ஓரத்தால் மட்டும் ஓடிச் சூடு ஏறுமாம். இவர் சொன்னார். எனக்கு விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். இவரும் சலிக்காமல் சொன்னார்.

கம்பத்தின் உச்சியில் குடைக்கம்பி மாதிரி நாலு கம்பிகளைக் கட்டினோம். அதனால் சுருளில் சுற்றும் குறைந்தது, இழப்பும் குறைந்தது. அன்டெனாவுக்கு ஈரமண்ணின் தொடுப்பும் வேண்டும் என்று, தரைக்கம்பிகளை வளவுக்குப் பின்னால் இருக்கிற வாவிக்கரைச் சேறு வரைக்கும் இழுத்துப் போட்டார் நானா.

அந்தியில் இவர் இடது கையால் மெதுவாகத் தட்டினார். நின்றார். திரும்பத் தட்டினார்.

ரேடியோ கீச்சிட்டது. பதில்! கேரளக் கரையிலிருந்து ஒருவர்.

சுருள் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க, நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “கரண்ட் தங்கச்சி, கைய வெக்காதீங்க!” என்று கத்திவிட்டு, நானா வாசிக்கத் தொடங்கினார்.

“சத்தம் நல்லா வருதாம். ‘மோர்ஸ் இப்பதான் பழகுறீங்க போல. நல்லாச் செய்றீங்க, விட்டிராதீங்க’ எண்டு செல்றார்!”

இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது. ஆனாலும் எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு!

பிறகு இடது கையை ஊன்றி, நிதானமாகப் பதில் அனுப்பினார். நானா சிரித்த சிரிப்பில் வாசிக்கவே நேரமெடுத்தது.

“ஆள் பழசு. கை புதுசு.”