நூல் தின்ற சூப்பர்வைசர்

டெய்லரக்காவின் கோழிகளைப் பார்த்தாலே போதும், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன நிறச் சீருடை என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பெட்டையின் காலிலும் ஒரு துணித் துண்டு கட்டியிருக்கும். ஒருத்திக்குப் பச்சை, ஒருத்திக்கு மெரூன், இன்னொருத்திக்கு நீலக் கட்டம். தைத்து மிஞ்சிய துணியை விரல் அகலத்துக்கு வெட்டி, இறுக்கியும் பிடிக்காமல் கழன்றும் விழாமல், காஜா எடுக்கும் அதே கவனத்தோடு கட்டியிருப்பாள். காலில் துணி இருந்தால் அது முட்டைக்கு. துணி இல்லையென்றால் சட்டிக்கு. அந்த வீட்டில் இதற்கு மறுபேச்சு கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். வீட்டுக்குப் பின்னால் குளியலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் மதிலுக்கும் நடுவே இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஒரு பழைய கதவையும் நாலு ஜன்னல் வலையையும் வைத்து அவளே அடித்த கூடு. ஒன்பது பெட்டை, ஒரு சேவல், கறிக்காக வளர்ந்துகொண்டிருக்கும் மூன்று நாலு இளவட்டச் சேவல்கள். காலையில் தையல் மெஷின் உறையை எடுப்பதற்கு முன்னால் கூட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் தூக்குவாள். கழுத்துக்குக் கீழே, தின்றதையெல்லாம் முதலில் சேர்த்துவைக்கும் தீனிப்பையை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். சாயங்காலம் அது புடைத்திருக்க வேண்டும், காலையில் காலியாகியிருக்க வேண்டும். மாறியிருந்தால் அந்தக் கோழிக்கு என்னவோ கோளாறு.

அறுப்பதும் அவளேதான். துரத்திப் பிடித்து, இறகு பறக்க அமர்க்களம் பண்ணும் வேலையெல்லாம் அவளிடம் இல்லை. விடிவதற்கு முன் கூட்டிலிருந்து சேவலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். அதன் நெஞ்சுப் படபடப்பு அடங்கும்வரை பொறுப்பாள். அப்புறம் ஒரே இழுப்பு.

"பயந்துபோய்ச் செத்தா கறி விறைச்சுக்கும் நர்ஸம்மா. அதுக்கும் பாவம், நம்ம பல்லுக்கும் பாவம்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கோழியின் விஷயத்தில் மட்டும் கை நடுங்கியது. அதற்குக் காரணம் அவள் புருஷன்.

அவர் ஒயர்மேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக் கூரையில் விளக்கு மாட்டப்போய், ஏணி சறுக்கி, இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்து வீட்டுக்கு வந்தார். 'நடங்க, நடந்தாத்தான் சரியாகும்' என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவரும் முதல் வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். இறங்கியதுதான் தாமதம், வாசலுக்கு வாசல், 'எப்படி இருக்கீங்க?' தெருமுனை போய்த் திரும்புவதற்குள் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் 'பரவாயில்லை' என்று பொய் சொல்வான்? திரும்பி வந்தவர் கட்டிலருகே இருந்த கருவிப் பையை மூலையில் தூக்கிப் போட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதோடு சரி. கேட்டால் பதில் வரும், வைத்தால் சாப்பாடு இறங்கும். முகம் மட்டும் சுவரைவிட்டுத் திரும்பாது. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அசையவில்லை, ஆசாமி.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு கத்தல்.

"ஏம்மா! இங்க வா! உன் கோழி பண்ணின வேலையைப் பாரு!"

போட்டதைப் போட்டபடி ஓடினாள். காலில் பழுப்புத் துணி கட்டிய சாம்பல் நிறப் பெட்டை பின்கதவு வழியாக உள்ளே வந்து, மூலையில் கிடந்த கருவிப் பைக்குள் ஏறி, குறடுக்கும் ஒயர் சுருளுக்கும் மேலே ஜம்மென்று உட்கார்ந்து ஒரு முட்டையும் இட்டிருந்தது. அக்கா கோழியைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் அறைப் பக்கம் திரும்பியிருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் கோழியை விரட்டியிருப்பாள். இவள் யார்? கோழியைத் தொடக்கூட இல்லை.

"எனக்குக் கை ஒழியலைங்க. நீங்களே தூக்கி வெளியில விடுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் தைக்கவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் பொறுத்துக் கைத்தடிச் சத்தம் பின்கதவு வரைக்கும் போனது.

மறுநாளும் கோழி வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அவர் கொல்லையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார். கோழிகள் யாரையும் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை அல்லவா? சாம்பல் பெட்டைக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயரும் வைத்தார்.

"ஒரு வேலையும் செய்யாது. கையைப் பின்னால கட்டிக்கிட்டு எல்லார் பின்னாலயும் நடந்து குத்தம் கண்டுபிடிக்கும். எங்க சைட்ல ஒருத்தன் அச்சு அசல் இதே மாதிரி."

அக்கா சிரித்தாள். சிரித்தாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்த ஒரு கோழிதான் இவரைச் சுவரிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறது. இது போனால் இவரும் போய்ப் படுத்துக்கொள்வார்.

அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கும் காலம் வந்தது. மூன்று பள்ளிக்கூடத்துச் சீருடையும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது. காலையில் கோழிகளைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் ஒரு நாள் தவறி, இரண்டு நாள் தவறி, அப்படியே ஒரு வாரம் விட்டுப்போனது. கோழிகள் முட்டையிடும் பெட்டிகளில் போட்டிருந்த வைக்கோலும் தீர்ந்துபோயிருந்தது. காலடியில் மலையாகக் கிடந்த வெட்டுத் துணியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அள்ளிக்கொண்டுபோய்ப் பெட்டிகளில் பரப்பினாள். மெத்தையாக அமைந்தது, ஒரு முட்டையிலும் கீறல் விழவில்லை. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பாத்தீங்களா நர்ஸம்மா, என் கோழிங்க படுக்கிற படுக்கை எனக்கே கிடையாது!" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டாள். வெட்டுத் துணியின் ஓரத்தில் நூல் பிரியும் என்று அவளுக்கா தெரியாது? இருபது வருஷமாக அந்த ஓரத்தை அடித்தே பிழைப்பவள். அவசரத்தில் அது புத்தியில் ஏறவில்லை.

சூப்பர்வைசருக்கு இப்போதெல்லாம் கருவிப் பை வேண்டியிருக்கவில்லை. மெத்தை பிடித்துப்போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்குமா? கொத்தியது.

பார்க்காமல் விட்ட எட்டாம் நாள் காலையில் புருஷன்தான் கண்டுபிடித்தார்.

"சூப்பர்வைசர் சாப்பிடலைம்மா. தள்ளியே நிக்குது."

அக்கா தூக்கிப் பார்த்தாள். தீனிப்பை கல்லாக இருந்தது. கொண்டை வெளுத்திருந்தது. கொட்டாவி விடுவது போல் வாயைத் திறந்து திறந்து மூடியது. முட்டைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மெரூன் துணியின் ஓரம் முழுக்கக் கொத்திக் கொத்தி மொட்டையாகக் கிடந்தது.

யாரிடம் சொல்வாள்? வெட்டியவளும் அவள், பரப்பியவளும் அவள், பார்க்காமல் விட்டவளும் அவள். துணியை எல்லாம் வாரிக் குப்பையில் போட்டாள், அவரிடம் வாயைத் திறக்கவில்லை. அன்றும் மறுநாளும் கோழியின் வாயில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுத் தீனிப்பையை நீவிக்கொண்டே இருந்தாள். கட்டி இளகுவேனா என்றது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் விடுப்பில் போயிருந்தார். மருந்து கொடுப்பவர் கோழியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"ஒரு கோழிக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? மெலியறதுக்கு முன்னாடி அறுத்துச் சமைச்சுடுங்கக்கா."

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு எந்தக் கோழியாக இருந்தாலும் அவளே அப்படித்தான் செய்திருப்பாள். அன்றைக்கென்னவோ அந்த மனுஷனின் வாயைத் தைத்துவிடலாமா என்று வந்தது.

வீட்டுக்கு வந்தால் அவர் வாளியில் உட்காரவில்லை. கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"என்னங்க, எழுந்திரிங்க. வெட்டி எடுத்துடலாம்."

"எதை?"

"உள்ள இருக்கிறதை. நான் வெட்டறேன், நான் தைக்கறேன். நீங்க பிடிச்சுக்கணும். என்னால ஒண்டியா ஆகாது."

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் கைத்தடியைத் தேடினார்.

நர்ஸம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புண் துடைக்கும் மருந்தைக் கொடுத்தாள். ஊசியையும் நூலையும் பிளேடையும் இடுக்கியையும் கொதிக்கவைக்கச் சொன்னாள். "உள்ள வந்து உதவி பண்ணுங்களேன்" என்று கூப்பிட்டதற்கு, "அய்யய்யோ அக்கா, எனக்கு மனுஷங்களைத்தான் பழக்கம்" என்று தலையை இழுத்துக்கொண்டாள்.

துணி வெட்டும் மேஜையில் நல்ல வெயில் வெளிச்சம் விழுந்தது. கோழியைத் துண்டில் சுற்றி அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா இறகை விலக்கி, நாலைந்தைப் பிடுங்கி, மருந்தால் துடைத்தாள். பிளேடை எடுத்தாள். எத்தனை சேவலை ஒரே இழுப்பில் முடித்த கை, இப்போது நடுங்கியது.

"துணின்னு நெனச்சுக்கோ" என்றார் அவர்.

"துணி மூச்சு விடாதுங்க."

"விடுது இல்ல? அது நிக்கறதுக்குள்ள வெட்டு."

வெட்டினாள். மேல்தோலில் இரண்டு விரல்கடை நீளம். அதற்குச் சற்றே தள்ளி உள்பையில் இன்னும் சின்னதாக ஒன்று. ரத்தம் அதிகம் வரவில்லை. இடுக்கியை விட்டுப் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்தாள். எண்ணெயும் நாற்றமுமாக எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உருண்டை வெளியே வந்து தட்டில் விழுந்தது. வெந்நீரை ஊற்றினாள். நிறம் தெளிந்தது. பச்சை, மெரூன், நீலம். நூல், நூல், அத்தனையும் நூல்.

இதற்கு மேல் எதை மறைப்பது?

"நான்தாங்க" என்றாள். "பெட்டியில துணியைப் போட்டது நான்தான். ஒரு வாரமா தொட்டுக்கூடப் பாக்கலை. என் கையாலயே..."

அவர் தட்டையே உற்றுப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிப்பாவி" என்றார். கோழியைப் பார்த்துத்தான் சொன்னார். "மூணு பள்ளிக்கூடத்தையும் ஒண்ணா சேத்து முழுங்கியிருக்காளே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, தோள் குலுங்கும் சிரிப்பு. எட்டு மாதமாக அவள் கேட்காத சிரிப்பு. அக்காவுக்குக் கண் மறைத்தது, மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை.

"ஆடாதீங்க, ஆடாதீங்க! தையல் கோணிடும்!" என்று அழுதுகொண்டே அதட்டினாள்.

அந்தத் தையலை இந்தத் தெருவில் வேறு யாரும் போட்டிருக்க முடியாது. உள்துணி வைத்துத் தைப்பவளுக்கு ஒன்று தெரியும், உள்ளே இருப்பதையும் மேலே இருப்பதையும் சேர்த்து அடித்தால் இழுக்கும், நாளைக்குக் கிழியும். முதலில் உள்பையைத் தனியாக, பொடித் தையலில் மூடினாள். நாலு சொட்டு நீர் விட்டுக் கசிகிறதா என்று பார்த்தாள். பிறகு மேல்தோலைத் தனியாகத் தைத்து முடிச்சுப் போட்டாள். முடிக்கும்போது கை நடுங்கவே இல்லை.

முதல் இரண்டு நாள் கோழி அட்டைப்பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தது. பெட்டி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. குழைந்த சோற்றில் நீர் ஊற்றிக் கரண்டியின் நுனியில் அவர் நீட்டுவார், அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "எனக்கே சொல்லிக் கொடுக்கறியா? இந்த வித்தையெல்லாம் நான் காட்டி முடிச்சாச்சு" என்று அதனோடு சண்டை போடுவார். அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் நாலு வாய் தின்றது. ஏழாம் நாள் காலையில் அவள் தூக்கி இரண்டு விரலால் அழுத்தினாள். தீனிப்பை காலியாக, மெத்தென்று இருந்தது.

"செரிச்சிருக்குங்க" என்றாள்.

அன்று சாப்பிட்டு முடித்து அவள் மெஷினில் இருந்தாள். பெட்டிகளுக்கு என்ன போடுவது என்று காலையில் பேச்சு வந்திருந்தது. தெருமுனைத் தச்சுப் பட்டறையில் மர இழைப்புச் சுருள் சும்மாவே கிடைக்கும், கை ஒழிந்ததும் போய் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கால்சட்டையொன்றின் ஓரத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது கொக்கி விழும் சத்தம் கேட்டது. பின்கதவுக் கொக்கி இல்லை, முன்கேட்டுக் கொக்கி.

ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயம். அதே ஓரத்தின் மேல் மூன்று முறை தைத்துவிட்டாள், அப்புறம் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதாயிற்று.

முக்கால் மணி நேரம் போனது. தோளில் கருவிப் பை, கையில் தடி, வேர்த்து விறுவிறுத்து வந்தார். பையில் இருந்த குறடும் ஒயரும் எங்கே போயினவோ, வாய்வரை இழைப்புச் சுருள் அடைத்திருந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"தெருவுல எல்லாரும் கேட்டிருப்பாங்களே?" என்றாள், பயந்துகொண்டே.

"கேட்டாங்க. ஒருத்தர் விடலை. எப்படி இருக்கீங்க, எப்படி இருக்கீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"'சூப்பர்வைசர் காலையிலேருந்து நல்லா சாப்பிடறா'ன்னு சொன்னேன்."