தூசு இருமல் ஒட்டாது

சோதனைக்குச் சளி வாங்குகிற டப்பாவோடு வீடு வீடாகப் போகிற வேலையில் முதல் நாளே ஒன்று தெரிந்துவிடும்: ஒருவரிடம் அவருடைய இருமலைப் பற்றி விசாரிப்பது, சம்பளத்தைப் பற்றி விசாரிப்பதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. மக்கள்தொகைக் கணக்கு எடுத்தவர்கள், தேர்தல் வேலைக்கு அனுப்பப்பட்ட வாத்தியார்கள், தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மூடிய கதவுக்கு முன்னால் இளித்துக்கொண்டு நின்ற பாவப்பட்ட கூட்டம்தானே நாமெல்லாம்.

என் பாடு உங்களுடையதைவிட ஒரு படி மோசம். நான் போவது மூளைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்காக. மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கிப்போகிற நோய் அது. பல கிருமிகளால் வரும். சில கிருமிகளுக்குக் குழந்தைகளின் தடுப்பூசியிலேயே இப்போது வழி வந்துவிட்டது. மிச்சம் இருப்பவற்றில் ஒன்று காசநோய்க் கிருமி. பெரியவர் ஒருவரின் நெஞ்சிலிருந்து இருமலோடு வெளியே வந்து, அதே அறையில் மூச்சுவிடுகிற சின்னக் குழந்தையின் மூளை வரைக்கும் போய்விடும். பிறந்ததும் போடுகிற ஊசி ஓரளவு காப்பாற்றும், முழுசாக இல்லை. அதனால் வீட்டில் இருமுகிறவரை முதலில் கண்டுபிடித்து, குழந்தை நன்றாக இருக்கும்போதே அதற்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தால் எவ்வளவு தூரம் பலன் இருக்கும் என்று பெங்களூர் டாக்டர்கள் சிலர் ஆராய்கிறார்கள். கோலார் தங்கவயலில், எங்கள் பேச்சில் கே.ஜி.எஃப்.பில், இருமுகிறவர்களைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அங்கே நந்திதுர்க் சுரங்கப் பகுதியில் பிறந்து வளர்ந்த என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டு பேப்பர்

முதலில் போனது பாலகாட் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்கு. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக நான் திரும்புவதைப் பார்த்ததுமே ஒரு அம்மா உள்ளே ஓடினார். நாற்காலி வந்தது. முந்தானையால் அதைத் துடைத்தும் விட்டார். காபிக்குப் பால் வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்காத குறை.

மைன்ஸ் மூடிய காலத்திலிருந்து, குடியிருக்கிற வீட்டைத் தங்கள் பேருக்கு எழுதித் தருவார்கள் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டை மாட்டிய யார் வந்தாலும் அதற்குத்தான் வந்திருப்பதாக நினைக்கிறார்கள். நான் மூளைக்காய்ச்சல் என்று ஆரம்பித்ததும் கூட்டம் கலைந்தது. பால் பொங்கிய வாசனை வந்தது, காபி வரவில்லை. அந்த அம்மா மட்டும் பண்போடு என்னை வழியனுப்பினார்: "வூட்டுக்கு பேப்பர் வரும்போது வாங்க மேடம், காய்ச்சலப் பத்தி அப்போ சாவகாசமா பேசிக்கலாம்."

சோம்பேறி நோய்

பக்கத்துச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் சாமுவேல் மாமா இருக்கிறார். ரத்த உறவு இல்லை. என் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டில், இறங்கியவர், பாறையில் துளை போடுகிற மிஷினைப் பிடித்தவர். அவருடைய மகன் ஜெயராஜும் மருமகள் ரீனாவும் காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். அதுவரை இரண்டு வயதுப் பேத்தி ஏஞ்சல் தாத்தாவின் மடியில்தான். நான் போனபோது பிஸ்கட்டை டீயில் தோய்த்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கு வாய் இருமினார். இருமும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குழந்தை அதே மாதிரி இருமிக் காட்டி, கை தட்டிச் சிரித்தது.

எங்கள் ஊரில் இருமல் இரண்டு வகை. ஒன்று டிபி. இன்னொன்று பாறைத் தூசு நெஞ்சில் படிந்து வருவது. அது ஒட்டாது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஊரே மனப்பாடம் செய்திருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் தூசு அரித்த நெஞ்சில் காசநோய் சுலபமாகக் குடியேறிவிடும் என்பதை அதே அழுத்தத்தோடு யாரும் சொல்லவில்லை. தூசு இருமல் என்றால் கௌரவம், டிபி என்றால் தண்ணீர்க் குழாயில்கூடத் தள்ளி நிற்பார்கள். குழந்தைக்காகவாவது ஒரு தடவை சளி கொடுங்கள் மாமா என்று டப்பாவை ஜன்னலில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திரும்ப என் பையிலேயே போட்டார்.

"இன்னா ஸ்டெல்லா, டிபி சோம்பேறிக்கு வர்றது, தூசு ஒழைச்சவனுக்கு வர்றது. நீ யார் பொண்ணுன்னு மறந்து பூட்டியா?"

காலை வண்டி

மாமாவிடம் என் பருப்பு வேகவில்லை என்றதும் ரீனாவைப் பிடிக்க சாம்பியன் ஸ்டேஷனுக்குப் போனேன். லைனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். வண்டியில் அந்தப் பயம் இல்லை, அவரவருக்கு அவரவர் தூக்கம். பங்காருப்பேட்டை வரைக்கும் அவளோடு நின்றுகொண்டே போனேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள். நான் சொன்னதை அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டாள். இந்த வேலையில் எனக்கு அப்படிக் கிடைத்த ஒரே ஆள் அவள்தான். தடுப்பு மாத்திரையை முன்பு மாதக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டியிருந்தது, இப்போது ஆராய்ச்சி அதை நிறையச் சுருக்கிவிட்டது என்றேன். அப்படியானால் இன்றைக்கே கொடுங்கள் என்றாள்.

அங்கேதான் எங்கள் விதி குறுக்கே வந்தது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால்தான் குழந்தைக்கு மாத்திரை. அதற்கு மாமா சளி கொடுக்க வேண்டும். இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று அவள் ஒரு தடவை சொன்னதற்கே அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம், புருஷன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அவுரு பாத்துக்கலன்னா நான் வேலைக்குப் போவ முடியாதுக்கா. இதுல அவுரப் போயி எச்சி துப்பிக் குடுங்கன்னு நான் எப்டிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

ஆராதனைக்குப் பிறகு

சரி, மாமா யார் பேச்சைக் கேட்பார் என்று யோசித்து அவருடைய சபை போதகரிடம் போனேன். நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்பதாக ஒத்துக்கொண்டார், அறிவிக்கவும் செய்தார். நீண்ட நாள் இருமல் உள்ளவர்கள் முன்னால் வரவும் என்றார். நான் டப்பாக்களோடு பக்கவாட்டுக் கதவருகே தயாராக நின்றேன். பழைய மைன்ஸ்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து, பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுவிட்டார்கள். போதகர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார்.

ஜெபம் முடிந்ததும் எல்லாரும் தெம்பாக வீட்டுக்குப் போனார்கள். சாமுவேல் மாமா மட்டும் ஜெபத்துக்குக்கூடப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்குத்தான் நோயே இல்லையே. நான் கொண்டுபோன டப்பாக்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தபோது போதகர் வந்து மெதுவான குரலில் சமாதானம் சொன்னார்: "ஜெபத்துக்கு வந்தவங்கள டப்பாவுல துப்பச் சொன்னா நல்லா இருக்காது சிஸ்டர்."

பல் முளைக்கிற காய்ச்சல்

மழைக்காலம் தொடங்கியபோது ஏஞ்சலுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்ததால் பல் முளைக்கிறது என்றார்கள். வாந்தி எடுத்தாள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். தூங்கிக்கொண்டே இருந்தாள், மருந்துக்கடையில் வாங்கிய சிரப்பின் மயக்கம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. காசநோயால் வருகிற மூளைக்காய்ச்சல் அப்படித்தான் வரும். தடபுடல் செய்யாது, நைசாக நாள் எடுத்துக்கொள்ளும். நான் வேறு வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். மாமா மடியில் கிடந்தாள். அவர் இருமினார். அவள் திருப்பி இருமிக் காட்டவில்லை. ஒரு கண் மட்டும் ஓரமாகத் திரும்பி இருந்தது. ரீனாவுக்குப் போன் போட்டு ஜெயராஜோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொன்னேன், அன்றைக்கே குழந்தையைப் பெங்களூருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். முன்பு அந்த நீரில் கிருமி வளர்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், இப்போது சில மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிற சோதனை வந்திருக்கிறது. விஞ்ஞானத்துக்கு அவ்வளவு வேகம். ஜெயராஜோ கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றான். முதுகில் ஊசி குத்தினால் பிள்ளை நடக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படியில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள், நான் கெஞ்சினேன், ரீனா அழுதாள். அவன் எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "எங்கப்பா ஆயுசு பூரா பாறையில தொளை போட்டு இன்னாத்தக் கண்டாரு? எம் பொண்ணு முதுவுலயும் தொளை போடணுமா?"

ஏசி ஹால்

மறுநாள் ரீனா கையெழுத்துப் போட்டாள். டிபி என்று வந்தது. அந்த வாரமே மாமா என் பையிலிருந்து தானாகவே டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அவருக்கும் டிபி.

சில மாதம் கழித்து பெங்களூரில் ஆராய்ச்சிக் கூட்டம் நடந்தது. கடைசி வரிசையில் எனக்கு ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியவில்லை. மருந்தின் அளவைக் கூட்டிப் பார்க்கிறார்கள், புதுத் தடுப்பூசிகளைப் பரிசோதிக்கிறார்கள் என்று திரையில் ஒவ்வொன்றாக வந்தது. நல்ல வேலைதான், நான் கிண்டல் செய்யவில்லை. சாம்பியன் ரீப்ஸும் வரைபடத்தில் வந்தது, ஏஞ்சல் அதில் ஒரு சிவப்புப் புள்ளி. இருமுகிறவர் இருப்பது தெரிந்தும் அந்த வீட்டில் ஏன் முன்பே சோதிக்கவில்லை என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். நான் எழுந்து நின்று தூசு இருமலின் கதையைச் சொன்னேன். ஒட்டாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே டாக்டர்கள்தான் சார், நாங்கள் மறக்காமல் வைத்திருக்கிறோம், அதுதான் எங்கள் தப்பு என்றும் சொன்னேன். அவர் கவனமாகத் தலையாட்டினார், நன்றி சொன்னார், டீ குடிக்கிற இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நண்பரிடம் சொன்னார்: "பாவம், அந்த ஜனங்களுக்கு அவேர்னெஸ் ரொம்பக் கம்மி."

வாசலில்

ஏஞ்சல் பிழைத்துவிட்டாள். வலது கால் இழுக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, காது போய்விட்டது. ரீனா வேலையை விட்டுவிட்டாள். மாமா மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் சாப்பிட்டு முடித்தார். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து கையில் நல்ல செய்தியோடு நான் ஒரு வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

மாமா வாசலுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தார். பக்கத்தில் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் அவரை வெளியே இருக்கச் சொல்லவில்லை. உள்ளே வாங்க மாமா என்று ரீனாவே பல தடவை கூப்பிட்டுவிட்டாளாம். ஏஞ்சல் சுவரைப் பிடித்துக் காலை இழுத்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தாள், தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அவளும் தோளைக் குலுக்கிக் காட்டி, கை தட்டிச் சிரித்தாள். சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

மாமா, நோய் போய்விட்டது, இப்போது மிச்சம் இருப்பது வெறும் தூசு இருமல்தான், இது ஒட்டாது, குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள் என்றேன். அவர் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மின்னாடி கூட ஒட்டாதுன்னு டாக்டருங்கதான் சொன்னாங்க, ஸ்டெல்லா."

இருமுகிறவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள், ஒட்டும் என்று சொன்னபோதும் ஒட்டாது என்று சொன்னபோதும் அவர்கள் என்னை நம்பாததற்கு மட்டும் தனியாக எதுவும் தருவதில்லை.